என் வாயால் ஓட்டை விழுந்த இரண்டு ரூபாய்

“இதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி.”

இது நான் கேட்ட கேள்வி. மைக்கில் கேட்டேன். அந்த மைக்தான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் நாணயச் சங்கத்தின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பந்தி போடுகிற நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடித் தட்டுகளுக்கு அடியில் காசுகளை அடுக்கியிருந்தார்கள். முந்தின நாள் முகூர்த்தத்தின் ரச வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. வாசல் பக்கம் தனியாக ஒரு மேசை. அதன் மேல் ஓர் அட்டை: ‘உங்கள் காசைக் கொண்டு வாருங்கள். பார்த்துச் சொல்கிறோம்.’ அந்த அட்டைக்குப் பின்னால் நான்.

எதிரே நின்றவருக்கு அறுபது வயது இருக்கும். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை. விரல் நுனிகளில் மட்டும் ஏதோ பசை காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. என் கையில் அவர் கொடுத்த இரண்டு ரூபாய். அதன் ஓரத்தில், யாரோ பிஸ்கட்டைக் கடித்த மாதிரி ஒரு வளைவு காணவில்லை.

அவர் ஒரு கணம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ஆமாம்மா. கொஞ்சூண்டு தேய்ச்சேன்.”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பல்லும் காசும்

பல் கட்டுகிற லேபில் வேலை பார்ப்பவளுக்குக் காசு மேசையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் சங்கத்திலேயே சிலர் கேட்டார்கள். முகத்துக்கு நேரே கேட்கவில்லை, டீ குடிக்கும்போது கேட்டார்கள்.

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு டாக்டர்கள் அளவெடுத்த அச்சுகளை அனுப்புவார்கள். அதை வைத்து மெட்டலை உருக்கி, வார்த்து, ராவி, மெருகேற்றி, பல்லுக்கு கேப் செய்து கொடுப்போம். நாள் முழுக்கக் கண்ணில் லென்ஸ். ஒரு மெட்டல் வார்த்ததா, அழுத்தியதா, அரம் பட்டதா, சூடு பட்டதா என்பதெல்லாம் இருபது வருடத்தில் கண்ணுக்குப் பழகிப் போகும்.

அப்படி ஒருநாள் காய்கறிக் கடையில் மீதி வாங்கிய ஒரு ரூபாயில் சிங்கம் இருக்கவேண்டிய பக்கம் சிங்கம் இருந்தது. திருப்பினால் அங்கேயும் சிங்கம். ஆனால் இரண்டாவது சிங்கம் பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி இருந்தது. கத்தரிக்காயை மறந்துவிட்டுக் காசோடு வீட்டுக்கு வந்தேன்.

முதலில் சந்தேகம்தான் வந்தது. ஒரு காசின் மேல் இன்னொரு காசை வைத்துப் பட்டறை இடுக்கியில் இறுக்கினாலும் இப்படிப் பள்ளமான சிங்கம் விழும். ஆனால் அப்படி இறுக்கினால் மறுபக்கம் சப்பையாகிவிடும், அங்குள்ள எழுத்து நசுங்கும். இதிலோ மறுபக்கத்துச் சிங்கம் மீசை முதற்கொண்டு கம்பீரமாக நின்றது. அப்படியென்றால் தவறு காசு அச்சடிக்கிற நாணயச் சாலையிலேயே நடந்திருக்கிறது. முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த காசின் மேல் தன் முகத்தைப் பதித்திருக்கிறது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். நாணயச் சாலையில் பிறவியிலேயே பிசகிய காசு ஒரு ரகம்; வெளியே வந்த பிறகு அடிபட்டது இன்னொரு ரகம். முதல் ரகத்தைத் தேடுகிறவர்கள் உண்டு, விலை உண்டு. இரண்டாவது ரகத்துக்கு அதன் முகத்தில் போட்டிருக்கும் விலைதான்.

மேசைக்கு வந்தவை

கண்காட்சி நடந்த சனிக்கிழமை காலையிலிருந்தே கூட்டம். போனில் யாரோ ‘இந்தக் காசு இருந்தால் நீங்கள் லட்சாதிபதி’ என்று வீடியோ போட்டுவிடுகிறார்கள். பார்த்தவர்கள் உண்டியலை உடைத்துவிட்டு வருகிறார்கள்.

நடுவட்டம் கழன்ற பத்து ரூபாய் ஒன்று வந்தது. உள்வட்டத்தின் விளிம்பில் சுத்தியல் பட்ட தழும்பு பளபளவென்று தெரிந்தது. கொண்டு வந்த அக்கா, “தானா விழுந்திருச்சும்மா” என்றார். எதில் விழுந்தது என்று நான் கேட்கவில்லை.

ரயில் தண்டவாளத்தில் வைத்து வெற்றிலை மாதிரி ஆக்கிய ஐந்து ரூபாய் ஒன்று. கற்பூரத் தட்டில் கிடந்து கறுத்த ஒன்று. மிக்ஸிக்குள் விழுந்து, மல்லிப்பொடியோடு சேர்ந்து அரைபட்டு, ஊறுகாய் மாங்காய் மாதிரி வந்த ஒன்று. அதன் சொந்தக்காரர், “மிக்ஸி போச்சு, காசாவது தேறுமான்னு பார்த்தேன்” என்றபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார்.

சங்கச் செயலாளருக்கு அது பிடித்துப் போயிற்று. “செல்வியம்மா, இதை மைக்கில சொல்லுங்க. எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்” என்று கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

மைக் ஒரு பொல்லாத சாமான். நம் குரலே நமக்குத் திரும்ப வரும்போது, நாம் சொல்வதெல்லாம் சரி என்று தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. பத்துப் பதினைந்து காசுக்குத் தீர்ப்புச் சொல்லி முடித்தபோது நான் கிட்டத்தட்ட ஜட்ஜாகிவிட்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் இந்த அண்ணாச்சி வந்தார். பெயர் ஞானமுத்து, வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி, பஞ்சர் கடை. வாசலில் இருந்த பதிவேட்டில் அவரே எழுதியிருந்தது அவ்வளவுதான்.

நான் லென்ஸை மாட்டினேன். காணாமல்போன வளைவின் இரண்டு முனைகளையும் பார்த்தேன். இரண்டிலும் பொடிப்பொடியான கீறல்கள், ஒரே திசையில். உப்புத்தாள் போட்ட தடம். லேபில் தினமும் பார்க்கிற தடம். எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கேட்டேன், ஒப்புக்கொண்டார், சிரித்தார்கள்.

“கீறல் இருக்கு பாருங்க, இது வெளியில வெட்டினது. இப்படி வெட்டிக் கொண்டுவந்தா ஏமாந்துறாதீங்க” என்று கூட்டத்துக்கு மைக்கில் பாடம் வேறு எடுத்தேன்.

அவர் காசை வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னார். “எதுத்தாப்புல தடவிப் பாருங்கம்மா, மொட்டையா இருக்கு...” என்று காதில் விழுந்தது. அதற்குள் அடுத்தவர் ஒரு தூக்குச்சட்டி நிறையக் காசோடு வந்துவிட்டார்.

பூரி மாவுப் பாடம்

செவ்வாய்க்கிழமை மத்தியானம். லேபில் கரண்ட் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில், கண்காட்சியில் எங்கள் வீட்டுக்காரர் எடுத்த படங்களை போனில் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். படம் எடுப்பதில் கிறுக்கு. மேசைக்கு வந்த ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் கிட்டத்தில் எடுத்து வைத்திருந்தார்.

ஞானமுத்து அண்ணாச்சியின் இரண்டு ரூபாய் வந்தது. விரலால் பெரிதாக்கினேன்.

வளைவுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்து, வளைவை நோக்கி இழுபட்டுக் கரைந்திருந்தது. அரத்தால் வெட்டியிருந்தால் எழுத்து பாதியில் பட்டென்று நின்றிருக்க வேண்டும். படத்தை நகர்த்தி, வளைவுக்கு நேர் எதிர்ப்பக்கம் போனேன்.

அங்கே விளிம்பு இல்லை. காசைச் சுற்றி வரப்பு மாதிரி வருகிற மேடு அந்த இடத்துக்கு வந்ததும் மெலிந்து, மொழுக்கென்று ஆகி, தாண்டியதும் மறுபடி எழுந்திருந்தது.

மொட்டையா இருக்கு என்று அவர் சொன்னது இதைத்தான்.

இதை வாசகர்களுக்கு எப்படிச் சொல்வது? பூரி ஒரே அளவாக வரவேண்டும் என்று மாவைப் பெரிதாகத் தேய்த்து, டப்பா மூடியால் வட்டம் வட்டமாக வெட்டுவோம் இல்லையா? முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏறி மூடியை வைத்துவிட்டால், வருகிற பூரியில் ஒரு பிறை குறையும். நாணயச் சாலையிலும் உலோகத் தகட்டில் அப்படித்தான் வட்டம் வெட்டுகிறார்கள். அங்கேயும் சில நேரம் பிறை குறையும்.

வெட்டிய வட்டத்தை அடுத்து ஒரு மெஷினில் உருட்டி, ஓரத்தை நெருக்கி விளிம்பு எழுப்புவார்கள். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நெருக்க வேண்டும். ஒரு பக்கம் பிறை குறைந்திருந்தால் அங்கே பிடிப்பு இருக்காது. பிடிப்பு இல்லையென்றால் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் நெருங்காது, விளிம்பு எழாது. அதற்கப்புறம்தான் சிங்கத்தையும் எழுத்தையும் அச்சடிப்பது.

ஆகவே வெளியே ஒருவன் என்னதான் நேர்த்தியாக வெட்டினாலும் இந்த எதிர்ப்பக்கத்து மொட்டையைக் கொண்டுவர முடியாது. பிறை குறைந்த காசு வந்தால் முதலில் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும். நான்கைந்து பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். நான்தான் பார்க்கவில்லை.

அந்தக் காசு அசல். நாணயச் சாலையிலேயே பிசகியது. உப்புத்தாள் தடம் அதன் மேல் பிற்பாடு வந்தது. நான் மேலே இருந்ததை மட்டும் பார்த்துவிட்டு ஒரு மனுஷனைக் காசு வெட்டுகிறவர் என்று மைக்கில் சொல்லிவிட்டேன்.

கரண்ட் வந்தது. அன்றைக்கு நான் செய்த கேப் மூன்றும் சரியாக உட்காரவில்லை.

“யாருக்குத் தெரியப் போவுது?”

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பூவரச மரத்தடியில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டுத்தானா? யாருக்குத் தெரியப் போவுது? அந்த மனுஷனும் அன்னைக்கே மறந்திருப்பாரு, விடு செல்வி.”

“எனக்குத் தெரியுமேங்க.”

“நீ போய்த் தப்புன்னு சொன்னா, ஒங்க சங்கத்துல சும்மா இருப்பாவளா? ஏற்கெனவே பல்லுக்கும் காசுக்கும் என்னன்னு பேசுதாவ.”

அது உண்மை. அந்த மேசையில் உட்காருவதற்கு நான் ஆறு வருடம் காத்திருந்தேன். யாரும் கையைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. எழுந்து போகச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று இரண்டு பேராவது இருந்தார்கள்.

இரண்டு நாள் அதையே மென்றுகொண்டிருந்தேன். வியாழக்கிழமை சாப்பிடும்போது அவரே, “நாளைக்கு எனக்கு மத்தியானம் வரைக்கும் கிளாஸ் இல்ல. புதுப்பட்டிக்குப் போயிட்டு வந்துருவமா?” என்றார். நான் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை லேபுக்கு லீவு சொன்னேன். பைக்கில் போனோம். கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன; அவை போய் முடியும் வரை நின்றோம். அங்கிருந்து வத்திராயிருப்பு ரோடு. முந்தின நாள் மழை பெய்து மலை கழுவி வைத்தது மாதிரி இருந்தது. வயல்களில் நடவு. நானோ, போய் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பைக் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

“‘மன்னிச்சுக்கோங்க’ங்கறத முதல்ல சொல்லிரு. பூரி கதையெல்லாம் பொறவு வச்சுக்கலாம்” என்றார் திரும்பிப் பார்க்காமல்.

பஞ்சர் கடையில்

கடையைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. டீக்கடையில் கேட்டோம். “ஞானமுத்தா? எந்த ஞானமுத்து? ஓ, நம்ம காசுவெட்டியா?” என்று கேட்டுவிட்டு ஒருவர் வழி காட்டினார்.

தகரக் கொட்டகை. வெளியே பழைய டயர்கள், தண்ணீர்த் தொட்டி, ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்ரசர். அவர் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். அடையாளம் தெரிந்தது. முகம் இறுகிவிட்டது.

“வாங்க. இன்னும் என்ன பாக்கி? டிவில போடப் போறியளா?”

“அண்ணாச்சி, மன்னிச்சுக்கோங்க. நான் சொன்னது தப்பு. உங்க காசு அசல்.”

அவர் டியூபைக் கீழே வைக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். அவர் மனைவி ரூத்து.

“என்ன சொல்லுதாவ இவிய?” என்று கணவரைக் கேட்டார்.

“காசு நல்ல காசாம். இப்பச் சொல்லுதாவ.”

ரூத்து அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“நீங்க மைக்ல பேசுனத எவனோ வீடியோ எடுத்துப் போட்டுட்டான். இவரு பஸ்ஸ விட்டு எறங்குமுன்ன அது ஊருக்கு வந்துருச்சு. காசுவெட்டின்னு பேரு வச்சுட்டாவ. எங்க சர்ச்சுக் கோவில்ல காணிக்கைப் பை புடிக்கிறது இந்த மனுசன்தான், எத்தனையோ வருசமா. போன ஞாயித்துக்கெழம பைய எடுக்க மாட்டேன்னுட்டாரு. கடைசி பெஞ்சில போயி உக்காந்துக்கிட்டாரு.”

எங்கள் வீட்டுக்காரர் ஒரு டயரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, போதும் விடு” என்றார் ஞானமுத்து அண்ணாச்சி. பிறகு என்னிடம், “நான் வெட்டலம்மா. காத்து அடிச்சதுக்கு எவனோ குடுத்த காசு. எனக்கு அது மேல ஒரு இது. பையிலயே போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். மொன ரெண்டும் பிளேடு மாதிரி இருந்து ரெண்டு சட்டப் பையக் கிழிச்சுருச்சு. அதான் டியூபு தேய்க்கிற உப்புத்தாள வச்சு மொனய மழிச்சேன். நீங்க தேய்ச்சியளான்னு கேட்டிய. தேய்ச்சேன்னேன். வெட்டுனியளான்னு கேட்டிருந்தா இல்லன்னுருப்பேன்.”

கேட்கவில்லைதான்.

“எதிர்ப்பக்கம் மொட்டையா இருக்குன்னு சொன்னீங்களே அண்ணாச்சி, அதுதான் முக்கியமான அடையாளம். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“எனக்கு என்ன தெரியும்? டியூப்ல எங்க மெலிஞ்சிருக்குன்னு வெரல வச்சுத்தான பாக்கோம். அந்த மாதிரி வெரலுக்குத் தட்டுப்பட்டுச்சு.”

நான் லென்ஸ் வைத்துத் தவறவிட்டதை அவர் விரலால் கண்டுபிடித்திருந்தார். “அந்தக் காசை இன்னொரு தடவை பார்க்கலாமா?” என்று கேட்டேன்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எழுந்துபோய் கம்ப்ரசரை நிறுத்தினார். பெல்ட்டுக்கு மேல் மூடியிருந்த இரும்பு மூடியில் ஒரு போல்ட்டைக் காட்டினார்.

போல்ட்டுக்குக் கீழே அந்த இரண்டு ரூபாய். நடுவில் ஓட்டை போட்டு, வாஷராக.

“டேமேஜுன்னு சொல்லிட்டிய. வெறுப்புல வெல்டிங் கடையில குடுத்து ஓட்ட போட்டுட்டேன். மூடி கடகடன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு. வாஷரா மாட்டிட்டேன்.”

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அழப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வந்தது சிரிப்பு. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நல்ல காசைக் கெட்ட காசு என்று சொன்னேன். ஆறே நாளில் அது நிஜமாகவே கெட்ட காசாகிவிட்டிருந்தது.

முதலில் சேர்ந்து சிரித்தது ரூத்து அக்கா. அப்புறம் அண்ணாச்சி. எங்கள் வீட்டுக்காரர் டயரின் மேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“ஓட்ட போடாம இருந்தா எம்புட்டு தேறும்?” என்று கேட்டார் அண்ணாச்சி, சிரிப்பு அடங்கியதும்.

பொய் சொல்லக்கூடாது என்று இருந்தேன். “சில நூறு ரூபாய் கிடைச்சிருக்கும் அண்ணாச்சி. வீடியோல சொல்ற மாதிரி லட்சமெல்லாம் இல்ல.”

“அம்புட்டுத்தானா!” அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “நான் என்னமோ வீட்ட வித்துட்ட மாதிரி ரெண்டு நிமிசம் பயந்துட்டேன். அத விடுங்க. பேரு போச்சே, அதுக்கு என்ன செய்ய?”

அதற்கு ஒரு வழிதான் இருந்தது. பெயர் எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே திரும்ப வர வேண்டும். அவர் ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றிக் காசைத் துடைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் போனைப் பிடித்தார். அந்தக் கொட்டகையில், டயர்களுக்கு நடுவில் நின்று பேசினேன்: என் பெயர், என் வேலை, நான் எதைப் பார்க்கத் தவறினேன், இந்தக் காசு எப்படி அசல், இவர் எதையும் வெட்டவில்லை. முதல் தடவை உளறிவிட்டேன். இரண்டாம் தடவை நடுவில் ஒரு ஆடு வந்தது. மூன்றாவதை அனுப்பினோம்.

ரூத்து அக்கா எங்களைச் சும்மா விடவில்லை. கருப்பட்டிக் காப்பியும் ஆவி பறக்கிற பணியாரமும் வந்தன. புறப்படும்போது அந்தக் காசை அண்ணாச்சி என் கையில் வைத்து, “ஒங்க கண்காட்சியில வையிங்க. நாலு பேரு பாக்கட்டும்” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு போன். ரூத்து அக்கா. ஞாயிற்றுக்கிழமை பை பிடித்தாராம். “ஒங்க வீடியோவ பாதிரியாரே எல்லாருக்கும் காட்டுனாரு. அந்த ஆடு வந்ததுதான் நல்லாருந்துருக்கும்னு எங்க வீட்ல இவிய சொல்லுதாவ” என்று சிரித்தார்.

சங்கத்தில் ஒரு வாக்குவாதம்

வீடியோ எங்கள் சங்கத்துக் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. செயலாளர் அன்றைக்கே கூப்பிட்டார்.

“செல்வியம்மா, என்ன இது? நம்ம மேசைல உக்காந்து சொன்னதை நம்மளே தப்புன்னு சொன்னா, நாளைக்கு யாரு நம்மகிட்ட காசைக் கொண்டு வருவா?”

“தப்பைத் தப்புன்னு சொல்ற மேசைக்குத்தான் சார் வருவாங்க.”

“நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டா விட்டிருப்பீங்களா?”

“மாட்டேன்தான்” என்றார். மனுஷன் அந்த மட்டுக்கு நேர்மையானவர். அடுத்த கண்காட்சியில் அந்தக் காசை வைக்க வேண்டும் என்று அந்தச் சூட்டிலேயே கேட்டுவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். ஆனால் மைக் கிடையாது என்றார். எனக்கும் அது வேண்டாம் என்றேன்.

ராஜபாளையத்தில் ஒரு மேசை

சில மாதம் கழித்து ராஜபாளையத்தில் கண்காட்சி. என் மேசையை ஒட்டி இன்னொரு சின்ன மேசை போட்டு, அதில் ஒரே ஒரு காசு வைத்தேன். பக்கத்தில் ஓர் அட்டை. அதில் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தேன், என் பெயரையும் சேர்த்து. சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து படித்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று இருந்தேன்.

பதினொரு மணி வாக்கில் ஞானமுத்து அண்ணாச்சியும் ரூத்து அக்காவும் வந்தார்கள். அண்ணாச்சி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அக்கா தலையில் கனகாம்பரம். அவர் தன் காசுக்கு முன்னால் போய் நின்றார். அட்டையை நிதானமாகப் படித்தார். ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னார். திருத்தினேன்.

பிறகு அவர் அங்கிருந்து நகரவே இல்லை. முதலில் ஒரு குடும்பம் வந்து, இது என்ன என்று கேட்டது. சொல்ல ஆரம்பித்தார். ஐந்து பேர் பத்து பேரானார்கள். மைக் இல்லாமலே அவர் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. தெருவில் லாரிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

“இந்தா, இந்த வளைவு இருக்கு பாருங்க, இது கவர்மெண்டு போட்டது. கவர்மெண்டுதான் போட்டுச்சான்னு எப்பிடித் தெரியும்? எதுத்தாப்புல வெரல வையிங்க. ம்... தடவுங்க. மொட்டையா இருக்கா? அம்புட்டுத்தான். இந்த மொனைல கீறல் இருக்குல்ல, இது நான் போட்டது, உப்புத்தாள வச்சு. அது டேமேஜு.”

“நடுவுல ஓட்டை?” என்று ஒருவர் கேட்டார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். கண்ணில் ஒரு குறும்பு.

“அது நான் போட்டது” என்றேன், என் மேசையிலிருந்து.

கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. அட்டையைப் படித்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். படிக்காதவர்கள் படிக்கப் போனார்கள்.

மத்தியானத்துக்குள் அவரைச் சுற்றி ஒரு வரிசையே உருவாகிவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் காசை நீட்டினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை விரலால் தடவி, “இது நல்லா இருக்கு, அந்தம்மாகிட்ட காட்டுங்க” அல்லது “இது சுத்தியல் பட்டது, இத வச்சு டீ குடிச்சிருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் அனுப்பிய நான்கு காசில் மூன்று அசல். நான்கையும் நான் லென்ஸ் வைத்து, இரண்டு பக்கமும், எதிர்விளிம்பும் பார்த்துத்தான் சொன்னேன். செயலாளர் தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அவரே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணாச்சிக்குப் போட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு அம்மா வேர்க்க விறுவிறுக்க வந்து என் மேசையில் கையை ஊன்றினார். முந்தானை முடிச்சில் ஏதோ காசு.

“ஏம்மா, இங்க வெரல வச்சே காசு பார்க்கிற அண்ணாச்சி ஒருத்தர் வந்திருக்காராமே. அவருகிட்ட காட்டணும். லைன் எங்கன நிக்கணும்?”

எழுந்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். என் மேசையில் யாரும் இல்லை. சரி என்று அந்த அம்மாவுக்குப் பின்னால் நானும் நின்றேன்.